ஒரு டிவியும் பன்னிரண்டு வீடும்

நோர்வூட்டிலிருந்து முக்கால் மணி நேரம் ஏறினால் கார்ன்டேல் தோட்டத்தின் மேற்பிரிவு வரும். அங்கே ஏழாம் நம்பர் லயத்தில் குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு காம்பிராக்கள், ஒரே நீளத் தகரக் கூரை, ஐம்பத்து மூன்று பேர். போன ஐப்பசி மழையில் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு ஒரு சாண் இறங்கி வந்து சுவரில் சாய்ந்து நின்றது. அடுத்த வாரமே அதிகாரிகள் வந்தார்கள். மேட்டைத் தொட்டுப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், "இவ்விடத்தில் எவரும் வசிக்கக் கூடாது" என்று சிவப்பு எழுத்தில் ஒரு தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். வேறு எங்கே வசிக்கலாம் என்பதற்கு அவர்களிடம் தாள் இருக்கவில்லை.

நான்காம் காம்பிராவில் இருந்தவள் நாகலெட்சுமி. புருஷன் சிவசாமி கொழும்பில் ஒரு பேக்கரியில் மாப் பிசைந்துகொண்டிருந்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவான். மற்ற நாட்களில் வீட்டுக்கு ஆண், பெண் இரண்டும் அவள்தான். கீழ்ப்பிரிவில் மேடு சரியாத இடத்தில் புது வீடு கட்டிக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே, அரைநாள் பேரும் கூலியும் போனாலும் போகட்டுமென்று கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஹட்டனுக்குப் பஸ் ஏறினாள்.

வீடமைப்புக் கந்தோரில் பட்டியலைக் காட்டினார்கள். "ஏழாம் இலக்க லயம். வீடு: ஒன்று. ஆட்கள்: ஐம்பத்து மூன்று" என்று இருந்தது. ஏதோ எழுத்துப் பிழை என்று நினைத்து அவள் சுட்டிக் காட்டினாள். வீடமைப்பு அதிகாரி பிழையில்லை என்றார். வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்துத்தான் கணக்கெடுத்தார்களாம். மேலிருந்து பார்த்தால் ஒரு கூரை தெரிகிறது, ஒரு கூரை என்றால் ஒரு வீடு, ஒரு வீட்டுக்குப் பதிலாக ஒரு வீடு. கீழே வந்து ஒருதரம் பாருங்கள் என்று அவள் கேட்டதற்கு, கீழே வந்து பார்க்க வாகனம் ஒதுக்கப்படவில்லை, வானத்துக்கு மட்டும்தான் ஒதுக்கியிருக்கிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

ஐந்து தடவை போனாள். ஐந்து தடவையும் "நாங்க பன்னெண்டு குடும்பம்ங்க" என்று சொன்னாள். ஐந்தாம் தடவை, இனி வராமலிருப்பதற்காக, அதிகாரி எழுத்திலேயே கொடுத்துவிட்டார். ஏழாம் இலக்க லயம் ஒரே கூரையின் கீழ் அமைந்திருப்பதால் சகல அரச தேவைகளுக்கும் ஒரு வீடாகவே கொள்ளப்படும் என்று தலைப்புத் தாளில், முத்திரையோடு எழுதியிருந்தது. நாகலெட்சுமி அந்தக் கடிதத்தை அடுக்கிய சேலைகளுக்கு நடுவில் வைத்தாள். கிழித்துப் போடத்தான் நினைத்தாள். ஆனால் அரசாங்கம் அவளுக்கென்று எழுதிய முதல் கடிதம் அது. கை வரவில்லை.

இரண்டாவது கடிதம் வர அதிக நாள் ஆகவில்லை.

தோட்டத்துக்கு வரும் தபால் வழக்கமாக ஆபிஸ் மேசையில் ஒரு வாரம் கிடந்து, கங்காணி கையில் ஒரு வாரம் கசங்கி, பிறகுதான் லயத்துக்கு வரும். இந்தத் தடவை மோட்டார் சைக்கிளில் ஓர் ஆள் நேரே வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டி, காம்பிரா நம்பரைச் சரிபார்த்து, பன்னிரண்டு கடிதங்களைக் கையில் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனான். தொலைக்காட்சி அனுமதிப் பணியகம் அனுப்பிய கடிதங்கள் அவை. பல வருடமாக உறங்கிக் கிடந்த பழைய சட்டம் ஒன்றை அண்மையில்தான் எழுப்பியிருந்தார்கள். அது பசியோடு எழும்பியிருந்தது.

கடிதம் மேலே சிங்களத்திலும் கீழே தமிழ் மாதிரி ஒன்றிலும் இருந்தது. தமிழ்ப் பகுதியை நாகலெட்சுமி வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து எல்லாருக்கும் வாசித்தாள். "தாங்கள் ஒரு தொலைக்காட்சியாக இருப்பதாக எமக்கு அறியக் கிடைத்துள்ளது. பதினான்கு நாட்களுக்குள் அனுமதி பெறாதவிடத்துத் தாங்கள் அணைக்கப்படுவீர்கள்."

கடைசிக் காம்பிரா மூக்கன் எழுபது வயதுக்காரர், வலது கண்ணில் பூ விழுந்தவர். நம்மை அணைக்க வேண்டுமானால் முதலில் ஒழுங்காகக் கரண்ட் கொடுக்கச் சொல்லு என்றார்.

உண்மையில் அந்த லயத்தில் வேலை செய்கிற டிவி ஒன்றுதான். சிவசாமி கொழும்பிலிருந்து பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்த பின்புறம் பருத்த பழைய பெட்டி. மற்றப் பெட்டிகள் எல்லாம் இடி விழுந்தும் ஈரம் பிடித்தும் செத்துப்போயிருந்தன. மாலை ஆனால் லயமே நாலாம் காம்பிராவில்தான். உள்ளே பதினைந்து பேர், வாசற்படியில் சாக்கு விரித்து மூக்கன், யன்னலுக்கு வெளியே ஐந்தாம் காம்பிரா மார்கிரட். மார்கிரட் நாடகத்தில் வரும் மாமியாருக்கு யன்னல் வழியாகவே பதில் சொல்லுவாள்.

டிவி இல்லாதவர்கள் நிரப்பவும் ஒரு பாரம் வைத்திருந்தார்கள். அதில் இல்லாத டிவியின் பெயர், தொடர் இலக்கம், நிறம் ஆகியவற்றை எழுதி, இல்லாமை தெளிவாகத் தெரியும்படியான புகைப்படம் இரண்டு இணைக்க வேண்டும். மார்கிரட் தன் மகளின் போனில் மாதா படம் மட்டும் தொங்கும் சுவரைப் படம் எடுத்து அனுப்பினாள். பத்தாம் நாள் பதில் வந்தது. படத்தில் மாதா உருவம்தான் தெரிகிறது, இல்லாமை போதிய அளவு தெரியவில்லை, இல்லாமையை நடுவில் வைத்து மறுபடி எடுக்கவும்.

மறுபடி எடுப்பதற்குள் அமுலாக்க உத்தியோகத்தர் சுதாகரன் வந்துவிட்டான்.

முப்பது வயதிருக்கும், ஹட்டன் டவுனில் பிறந்தவன். தோல் சப்பாத்து, கழுத்தில் அடையாள அட்டை, கையில் நீளக் குச்சி வைத்த ஒரு கருவி. மறைத்து வைத்த டிவியை அது சுவருக்கு வெளியே இருந்தே மோப்பம் பிடித்துவிடும் என்றான். கருவி முதலில் மார்கிரட் வீட்டு மாதா படத்து மின்விளக்கைப் பார்த்துக் கத்தியது. பிறகு மூக்கனின் கோழிக்கூட்டைப் பார்த்துக் கத்தியது. அதற்குப் பிறகு, கதவு திறந்து கிடந்த நாலாம் காம்பிராவுக்குள் பதினைந்து பேர் டிவி பார்த்துக்கொண்டிருந்ததைச் சுதாகரன் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு, கருவியைப் பைக்குள் வைத்தான்.

அவன் காலில் ஏறி இரத்தம் குடித்துக்கொண்டிருந்த அட்டையை நாகலெட்சுமி உப்புப் போட்டு எடுத்துவிட்டாள். நன்றி சொல்லிவிட்டு, அவள் மீது குற்றம் சாட்டினான்.

அவள் மறைக்கவில்லை. டிவி தன்னுடையதுதான், அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன், ஒன்று எழுதுங்கள் என்றாள். ஒன்று போதாது என்றான் சுதாகரன். பன்னிரண்டு வேண்டும். பணியகத்தின் கைந்நூலை எடுத்து விரித்தான். பிறர் வீட்டு டிவியைத் தொடர்ந்து பார்ப்பவரும் டிவி வைத்திருப்பவராகவே கருதப்படுவார், கண்ணால் வைத்திருப்பதும் வைத்திருப்பதே. ஆகவே பன்னிரண்டு குடும்பமும் தனித்தனியே எடுக்க வேண்டும்.

மூக்கன் சாக்கை விட்டு எழும்பவில்லை. "எனக்கு ஒத்தக் கண்ணுதாங்க தெரியுது. பாதி அனுமதி குடுப்பீங்களா?"

சுதாகரன் இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று பக்கம் புரட்டித் தேடினான். பார்வைக் குறைபாடு உள்ளவருக்குச் சலுகை ஏதும் இல்லை, ஏனெனில் கேட்பவரும் பார்ப்பவரே, என்று வாசித்துக் காட்டினான்.

அப்போதுதான் நாகலெட்சுமி உள்ளே போய்ச் சேலைகளுக்கு நடுவிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து வந்தாள். சகல அரச தேவைகளுக்கும் ஒரு வீடு என்று கவர்ன்மெண்டே எழுதிக் கொடுத்திருக்கிறது, ஒரு வீட்டுக்கு ஒரு பத்திரம் என்று உங்கள் நோட்டீஸில் போட்டிருக்கிறது, அந்த ஒன்றை எழுதுங்கள் என்றாள்.

சுதாகரன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தான். முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்ததை எல்லாரும் கண்டார்கள். றொசல்லவிலிருந்து வலப்பனை வரைக்கும் எத்தனை லயம், ஒவ்வொரு லயத்திலும் எத்தனை காம்பிரா, அத்தனையும் ஒவ்வொன்றாய்ச் சுருங்கினால் பணியகத்தில் தன் நாற்காலி மிஞ்சுமா என்று அவன் யோசித்திருக்க வேண்டும்.

"இந்தக் கடிதம் பிழை. நீங்க பன்னெண்டு தனித்தனிக் குடும்பம். அத நான் சட்டப்படி நிரூபிச்சுக் காட்டுறேன்" என்றான்.

நாகலெட்சுமிக்கு வாய் வரை ஒரு சொல் வந்தது. அதைத்தானே சேர் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லப் போனவள், அவன் கையைப் பார்த்தாள். பேனா மூடி கழன்றிருந்தது. அவள் ஐந்து தடவை அரைநாள் பேரை விட்டுவிட்டுப் போய்ச் சொன்ன வாக்கியத்தை, ஒருவரும் எழுதாத வாக்கியத்தை, இந்த ஆள் தானாக மலை ஏறி வந்து எழுதத் துடித்துக்கொண்டிருந்தான்.

சொல்லை விழுங்கிவிட்டு, "அது எப்பிடிங்க சேர்? நாங்க ஒரே வீடுதான்" என்றாள்.

அரசாங்கத்திடம் அவள் சொன்ன முதல் பொய் அது. அரசாங்கம் வழக்கம் போல அவளை நம்பவில்லை. அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

அன்று மாலை தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு லயத்துப் பெண்களுக்கு விஷயத்தை விளக்கினாள். கேட்டால் எல்லாரும் ஒரே வீடு என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் ஒருவரும் நம்பாத மாதிரிச் சொல்ல வேண்டும். மார்கிரட் அதில் தனக்குப் பயிற்சியே தேவையில்லை என்றாள். தான் சொல்லுவதை எப்போதுமே யாரும் நம்புவதில்லையாம்.

அடுத்த கிழமை சுதாகரன் இரண்டு உதவியாளர்களோடும் ஒரு அளவு நாடாவோடும் வந்தான். வானத்துக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருந்த இடத்துக்கு முதல் தடவையாக ஓர் அரச நாடா வந்தது. அடுப்பு எண்ணினார்கள், பன்னிரண்டு. கதவு பன்னிரண்டு, கரண்ட் பெட்டி பன்னிரண்டு. ஒரே வீடென்றால் எதற்குப் பன்னிரண்டு பூட்டு என்று மூக்கனை மடக்கினான். மறதிக்குங்க, என்றார் மூக்கன். அது அப்படியே எழுதப்பட்டு, பக்கத்தில் "நம்பத்தகாதது" என்று குறிக்கப்பட்டது.

பிணக்கு இருக்கிறதா என்பது கைந்நூலின் கடைசிக் கேள்வி. ஒரே வீட்டார் தமக்குள் வடிகால் கான் தண்ணீருக்காகச் சண்டையிடுவதில்லை என்பது பணியகத்தின் கண்டுபிடிப்பு. இதற்காக நாகலெட்சுமியும் மார்கிரட்டும் முன்கூட்டியே ஒரு சண்டை பேசி வைத்திருந்தார்கள். சொல்லி வைத்தபடியே மார்கிரட் கானில் சாம்பலைக் கொட்டினாள். நாகலெட்சுமி கேட்டாள். மார்கிரட் பதில் சொன்னாள். மூன்றாவது பேச்சிலேயே ஒன்பது வருடத்துக்கு முன் நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள் காணாமற்போன சிவப்புக் கோழி உள்ளே வந்துவிட்டது. அது பேசி வைத்ததில் இல்லை. நாகலெட்சுமிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. மார்கிரட் மாதா மேல் சத்தியம் செய்தாள், பிறகு சத்தியத்தைத் திருத்தினாள். சுதாகரன் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினான். இப்படிச் சுத்தமான சாட்சியம் தன் சேவைக் காலத்திலேயே கிடைத்ததில்லை என்று உதவியாளரிடம் சொன்னான்.

போகும்போது டிவியைச் சாட்சிப் பொருளாகக் கைப்பற்றினான். அரக்கு வைத்து முத்திரையிட்டு, உதவியாளர்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள்.

அந்தக் கிழமை முழுக்க லயம் சுகமாக இருக்கவில்லை. மாலையானால் மூக்கன் பழக்கதோஷத்தில் சாக்கை விரித்து டிவி இருந்த வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மழை வேறு பிடித்துக்கொண்டது. மேடு இன்னும் நாலு விரற்கடை இறங்கி, ஒன்பதாம் காம்பிராவின் பின்சுவர் கர்ப்பிணி வயிறு மாதிரி முன்னுக்குத் தள்ளியது. அங்கிருந்த லெட்சுமி இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு பகலில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பிராவுக்குக் குடிபோனாள். டிவியையும் கொடுத்து, வீடும் கிடைக்காவிட்டால் என்ன செய்யலாம் என்று அவள் நாகலெட்சுமியைக் கேட்டாள். குற்றமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது நாகலெட்சுமியை அதிகம் குத்தியது. அன்று கொழுந்து பறிக்கையில் இரண்டு தரம் விரலைக் கிழித்துக்கொண்டாள்.

விசாரணை ஹட்டனில், பணியகத்தின் மேல்மாடியில் நடந்தது. ஆணையாளர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். டையும் கோட்டும் அணிந்த நிதானமான மனிதர். சிங்களத்தில் பேசினார். பக்கத்தில் ஒரு பெண் தமிழில் சொன்னாள். மேசையில் அரக்கு முத்திரையோடு சாட்சிப் பொருள் வைக்கப்பட்டிருந்தது.

சுதாகரன் அறுபத்தெட்டுப் பக்க அறிக்கையை வாசித்தான். அடுப்பு, பூட்டு, கோழி எல்லாம் இருந்தன. பிறகு நாகலெட்சுமியிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டார்கள். அவள் வீடமைப்புக் கந்தோர் கடிதத்தைக் காட்டி, நாங்கள் ஒரே வீடு, கூரை ஒன்றுதான், என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அடிபட்டுப் பழகிய குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆணையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு இந்த நாளுக்காகவே ஒரு பேச்சு தயாராக இருந்தது.

"வீடு என்பது கூரையல்ல, சுவருமல்ல. சுவர் விழலாம், கூரை பறக்கலாம். அவை எங்கள் பொறுப்புமல்ல. நாங்கள் கடிதம் அனுப்பினால் போய்ச் சேர்கிற இடமே வீடு. இந்த நாட்டில் ஒருவர் காணியில்லாமல் இருக்கலாம், காணி உறுதிப் பத்திரம் இல்லாமல் இருக்கலாம், தண்ணீர் இல்லாமலும் இருக்கலாம். அதையெல்லாம் நாங்கள் அனுதாபத்தோடு பார்க்கிறோம். ஆனால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒருவரும் இருக்க முடியாது. இருநூறு வருடமாக இந்த மக்களைக் கூட்டமாகவே எண்ணி வந்திருக்கிறார்கள். தலைக்கணக்கில் எண்ணினார்கள், லயக் கணக்கில் எண்ணினார்கள். எங்கள் பணியகம்தான் முதன்முதலாக இவர்களைக் குடும்பம் குடும்பமாக மதித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக வழக்குப் போட்டிருக்கிறது."

மொழிபெயர்த்த பெண் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் தடுமாறினாள். ஆணையாளர் தடுமாறவில்லை. ஏழாம் இலக்க லயம் பன்னிரண்டு வேறுவேறான வீடுகளைக் கொண்டது என்று தீர்ப்புச் சொன்னார்.

நாகலெட்சுமி தலையைக் குனிந்தாள், சிரிப்பை மறைக்க அதுதான் வழி. பிறகு, படிச்சவங்க சொன்னால் சரிதான், ஆனால் லயத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள், எழுத்தில் தர முடியுமா என்று கேட்டாள். மூன்று மொழியில், முத்திரையோடு, காம்பிராவுக்கு ஒரு பிரதி. ஆணையாளர் நெகிழ்ந்து போனார். தண்டிக்கப்பட்டவர் தீர்ப்பின் பிரதி கேட்பது பணியகத்தின் வரலாற்றில் முதல் தடவை என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னார். தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

தேநீரைக் குடித்துவிட்டு, தீர்ப்போடு நேரே வீடமைப்புக் கந்தோருக்குப் போனாள்.

அதிகாரி வாசித்தார். முத்திரை நல்ல முத்திரை என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அது டிவிக்கு மட்டும்தான் என்றார். "டிவிக்கு நீங்க பன்னெண்டு. வீட்டுக்கு நீங்க ஒன்னு. அமைச்சு வேறம்மா."

"அப்ப ஆணையாளர் ஐயாவோட தீர்ப்பு செல்லாதுங்கிறீங்களா?"

"எங்களுக்குச் செல்லாது."

அதையும் எழுத்தில் கேட்டாள். இனி வராமலிருப்பதற்காகக் கடிதம் கொடுத்துப் பழகியவர் அல்லவா, இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். நாகலெட்சுமி அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் பணியகத்தின் மேல்மாடிக்கு ஏறினாள். பன்னிரண்டு பத்திரமும் எடுக்க நாங்கள் தயார், ஆனால் உங்கள் தீர்ப்பு செல்லாதென்று பக்கத்துக் கந்தோரில் எழுதியே தருகிறார்களே, செல்லாத தீர்ப்புக்கு எப்படி நாங்கள் பத்திரம் எடுப்பது, என்று சுதாகரனிடம் வருத்தமாகக் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. மலைக்குப் போய்க் கொழுந்து பறித்தாள். மீதியை அரசாங்கம் அரசாங்கத்தோடு பார்த்துக்கொண்டது.

ஆணையாளர் மூன்று கடிதம் எழுதினார். வீடமைப்பு அதிகாரி மூன்றுக்கும் "அமைச்சு வேறு" என்று பதில் எழுதினார். நாலாம் கடிதத்துக்குப் பதிலாக, அந்தக் கருவியையும் குச்சியையும் தூக்கிக்கொண்டு சுதாகரனே வீடமைப்புக் கந்தோருக்குள் நுழைந்தான். காத்திருக்கும் மண்டபத்தில் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் வேறு வழியில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த நாற்பத்தொரு ஊழியர்களும் வேலை நேரத்தில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணால் வைத்திருப்பதும் வைத்திருப்பதே. நாற்பத்தொரு அறிவித்தல் எழுதப்பட்டது.

வீடமைப்பு அதிகாரி கொதித்துப்போய்த் தொலைபேசியில் ஆணையாளரைப் பிடித்தார். இது ஒரு கந்தோர், ஒரே கூரை, ஒரு பத்திரம்தான் எடுக்க முடியும் என்று வாதாடினார். கூரை ஒரு பொருட்டல்ல என்று பணியகம் ஏற்கெனவே தீர்ப்பளித்திருப்பதை ஆணையாளர் அவருக்கு மெதுவாக ஞாபகப்படுத்தினார். அடுப்பு எத்தனை என்று கேட்டார். சாப்பாட்டுப் பெட்டி சூடாக்க மூன்று மாடியிலும் மூன்று இருந்தது. ஊழியர்களுக்குள் பிணக்கு இருக்கிறதா என்று கேட்டார். பதவி உயர்வுக் காலம் அது. அதிகாரி தொலைபேசியை வைத்துவிட்டார்.

பத்தொன்பதாம் நாள் பட்டியல் திருத்தப்பட்டது. வானத்துப் படத்தை மீளாய்வு செய்ததில் ஏழாம் இலக்க லயத்தில் பன்னிரண்டு வீடுகள் தெளிவாகத் தெரிவதாகக் குறிப்பு எழுதியிருந்தார்கள். நாற்பத்தொரு அறிவித்தலும் அன்றே வாபஸாகின.

கீழ்ப்பிரிவில் பன்னிரண்டு துண்டுக் காணி அளந்து கட்டை அடித்தார்கள். கட்டை அடிக்கும்போது லெட்சுமி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். ஆட்கள் போன பிறகு தன் கட்டையை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. திரும்பி நாகலெட்சுமியைப் பார்த்தாள்.

அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சுதாகரன் வந்தான். எழுதி முடித்த பன்னிரண்டு அனுமதிப்பத்திரங்கள் கையில் இருந்தன. நாகலெட்சுமி மண்வெட்டியைச் சாத்திவிட்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, டிவி வைத்திருப்பவருக்கும் பார்ப்பவருக்கும்தானே பத்திரம் என்று கேட்டாள். ஆமென்றான். எங்கள் பன்னிரண்டு வீட்டிலும் டிவி இல்லையே சேர், நீங்கள்தானே வைத்திருக்கிறீர்கள் என்றாள். எத்தனை மாதமாகப் பார்க்கவில்லை என்பதற்கு மூக்கன் சாட்சி சொன்னார்.

கைந்நூலில் இதற்கு வழி இருக்கவில்லை. சுதாகரன் போய்விட்டான். அடுத்த ஞாயிறு மறுபடி வந்தான். உதவியாளர்கள் இல்லை. லீவு என்றார்களாம். அந்தப் பருத்த பெட்டியைத் தானே மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, சேற்றில் தோல் சப்பாத்து புதையப் புதைய ஏறி வந்தான். தூறலில் நனைந்த அரக்கு பொடிந்து சட்டையில் சிவப்பாய் ஒட்டியிருந்தது.

பொருளைத் திருப்பித் தருவதாகச் சொன்னான். நாகலெட்சுமி வேண்டாமென்றாள். மார்கிரட்டின் அத்திவாரத்துக்குப் போனான். பெட்டியைத் தொட்டால் தான் வைத்திருப்பவளாகி விடுவேன் என்று அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். லெட்சுமி வேண்டாமென்றாள். ஒவ்வொரு கட்டையாகப் போய்க் கடைசியில் மூக்கனிடம் வந்தான். அன்று பகல் கிரிக்கெட் ஆட்டம் ஒன்று இருந்தது, அது மூக்கனுக்கும் தெரியும். நல்ல கண்ணை மூடிக்கொண்டு, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே தம்பி என்றார்.

சுதாகரன் திரும்பி வந்து நாகலெட்சுமியின் அத்திவாரக் கல்லில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். பொருளைத் திருப்பிக் கொண்டுபோனால் ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்பார்கள், இங்கே விட்டுவிட்டுப் போனால் யாரிடம் விட்டாய் என்று கேட்பார்கள் என்றான். மார்கிரட் அவனுக்கு ஒரு பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். கை இரண்டும் பெட்டியைப் பிடித்திருந்ததால் நாகலெட்சுமிதான் கோப்பையை அவன் வாய்க்கருகில் பிடித்தாள்.

"எடுத்துக்கிறதில்லன்னா, மறுத்துட்டோம்னு ஒரு பாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுங்கம்மா. நான் அதக் காட்டியாவது தப்பிச்சுக்கிறேன்."

"போடுறேங்க சேர். ஆனா நாங்க பன்னெண்டு குடும்பம். வீட்டுக்கு ஒரு பாரம் வேணும்."

சுதாகரன் பெட்டியை இறக்கி வைக்காமல் ஒரு கையால் பையைத் துழாவினான். ஒரு பாரம்தான் இருந்தது.